தோள்மூட்டு நோ

என் தங்கைக்கு நோ தொடங்கியது வலது தோள்மூட்டில். நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து தண்ணீர்க் கான் தூக்கி வந்த வினை என்று நினைத்து, நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டேன். "ஒரு கான் தண்ணிக்கே இந்தப் பாடோ, மகாராணி?" என்று பகிடியும் பண்ணினேன். அவள் சிரிக்கப் பார்த்தாள்.

அவளுக்கு நாள் தள்ளியிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமாகி ஒன்பது வருஷம். முதல்முறை தங்கியபோது இரண்டாம் மாதமே ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டோம். அதே மாதம் கலைந்துபோனது. ஊர்க்கண் பட்ட கண்ணூறு என்று வீட்டில் முடிவு கட்டினோம். அதனால் இந்தமுறை, கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோகும் கணவனுக்குக்கூட அவள் சொல்லவில்லை.

"மூண்டு மாசம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ அக்கா" என்று என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

எண்ணெய்க்கு நோ அடங்கவில்லை. மத்தியானம் எங்கள் தீவு ஆஸ்பத்திரி டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மேசைக்குப் பக்கத்திலேயே, காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கில், எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

"நாள் ஏதும் தள்ளியிருக்கோ?" என்று டொக்டர் கேட்டார்.

வாங்கில் பேச்சு நின்றது. தங்கை என்னைப் பார்த்தாள்.

"இல்லை டொக்டர். தண்ணி தூக்கினவள்" என்றேன்.

நோவுக்குக் குளிசை தந்தார். குறையாவிட்டால் உடனே வரச் சொன்னார்.

அடுத்த நாள் காலை முகம் கழுவப் போனவள் அப்படியே சரிந்தாள். உடம்பு வெளிறிக் குளிர்ந்திருந்தது. அப்போதுதான் சத்தியத்தை உடைத்தேன். படகு பிடித்தார்கள். அக்கரையில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணித்தியாலம். பாதிக் கடலில், என் மடியில், அவள் மூச்சு நின்றது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கரு கருப்பைக்குள் போகாமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருக்கிறது. வயிற்றுக்குள் கசியும் இரத்தம் மேலே போனால் சிலருக்கு நோ தோளில் தெரியுமாம். நான் தேய்த்த தோளில் ஒரு குறையும் இருக்கவில்லை. பிள்ளை எப்படியும் தப்பியிராது, தாயை ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்றார். எனக்கு என் வாயை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு வந்தபோது, அன்று வாங்கில் இருந்தவர்களில் மூத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எங்களுக்குத் தெரியும் பிள்ளை. அவள் கிணத்தடியில ஓங்காளிச்சுச் சத்தி எடுத்ததைக் கண்டனாங்கள். வெளியில சொன்னால் கண்ணூறு பட்டிடும் எண்டு நாங்களும் வாய் திறக்கேல்லை."

டொக்டர் கேட்டபோது, அந்த இடத்தில் விஷயம் தெரியாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.