படலை தாண்டிய பயற்றங்காய்

எனக்கும் பக்கத்து வளவுக்காரனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவன் என் மனைவியின் தமையன். எங்களுக்குத் தந்த சீதனக் காணிக்குள் வேலியை ஒரு முழம் நகர்த்திக் கட்டியவன். தோட்டம் செய்கிறான், விளைந்ததை மருதனார்மடம் சந்தையில் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்தச் சந்தையில் வைத்துத்தான், நாலு பேர் கேட்க, அவனிடம் சொன்னேன்:

"உன்ரை தோட்டத்து ஒரு மிளகாய் என்ரை வாசல் படலை தாண்டினால், நான் என்ரை அப்பருக்குப் பிறக்கேல்லை எண்டு வைச்சுக்கொள்."

பிறகு அப்பாவின் திவசம் வந்தது. ஐயருக்குத் தானம் கொடுக்க அரிசியும் பச்சை மரக்கறியும் பரப்ப வேண்டும். சந்தையில் யாரிடம் வாங்கினாலும் அதில் அவன் மண் ஒட்டியிருக்கும். ஆகவே பட்டணத்துக் கடையொன்றில் போன் வழியாக ஓடர் கொடுக்கும் நாகரிகத்துக்கு மாறினேன். படத்தில் வாழைக்காயும் பூசணியும் பயற்றங்காயும் குளித்து முழுகி நின்றன. எங்கேயோ தூரத்தில் பிறந்த பிள்ளைகள் என்று நம்பினேன்.

எங்கள் வளவில் சிக்னல் கிடைப்பது வேலி மூலையில் மட்டும். அங்கே நின்று, அவன் என்ன செய்கிறான் என்று வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால் பார்த்தபடியே, வரைபடத்தில் வீட்டைக் குறித்தேன். ஒரு கண்ணால் குறித்தால் குறி வேலிக்கு அந்தப் பக்கம்தான் விழும்.

திவசத்தன்று காலை, சாமான் கொண்டுவந்த கடைப் பெடியனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணை, சாமான் குடுத்திட்டன்."

"ஆரிட்டை?"

"தோட்டத்திலை நிண்ட அண்ணையிட்டை. 'ஓம், என்ரை மச்சான்ரைதான்' எண்டு வாங்கினவர்."

கிணற்றடிக்கு ஓடினேன். ஏனென்று தெரியாது. ஒரு வாளி தண்ணீர் அள்ளி அதைக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றினேன்.

"இஞ்சேருங்கோ, ஐயர் சந்திக்கு வந்திட்டாராம். போய் வாங்குங்கோ," என்றாள் மனைவி.

"நீ போ. உன்ரை அண்ணன்தானே."

"இனி உனக்கு அண்ணன் இல்லை எண்டு எனக்குச் சொன்னது ஆர்?"

நான்தான்.

வேலிக்கு மேலே அவன் தலை வந்தது. கையில் என் பை. பயற்றங்காய்க் கட்டை வெளியே எடுத்துக் காட்டினான். நீலக்கட்டத் துணிக் கீலத்தால் கட்டியிருந்தது. அவன் இடுப்பில் இருந்த சாரமும் நீலக்கட்டம்; கீழ்க்கரை கிழிந்திருந்தது.

"முந்தநாள் நான் சந்தையிலை குடுத்தது. பட்டணம் பாத்திட்டு வந்திருக்கு."

"பையைத் தா."

"வேலியாலை தரமாட்டன். முறையாய்ப் படலையாலை கொண்டுவாறன்."

ஒழுங்கையால் சுற்றி வந்தான். படலையை அகலத் திறந்தான். பையை என் முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு, கோவிலில் நிற்பவனைப் போல் கைகட்டி நின்றான்.

"மச்சான், இப்ப நீர் ஆருக்குத் திவசம் குடுக்கிறீர்?"

நான் குனிந்து பையை எடுத்தேன். அவன் திரும்பிப் போய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான். போகவில்லை, நின்றான்.

ஐயர் வந்தார். பயற்றங்காயைப் பார்த்து, "நல்ல பிஞ்சு," என்றார். நான் பல்லைக் கடித்தேன். தர்ப்பையை என் விரலில் போட்டுவிட்டுக் கேட்டார்:

"தகப்பனாற்றை பேரைச் சொல்லுங்கோ."

வாயைத் திறந்தேன். ஊரில் உள்ள எல்லார் பெயரும் நினைவுக்கு வந்தன, அந்த ஒன்றைத் தவிர. ஐயர் காத்திருந்தார்.

வேலிக்கு அப்பாலிருந்து மச்சான்தான் அதை உரத்துச் சொன்னான்.