பேச்சு நின்ற இடத்தில் ஒரு பெஞ்சு

கடல் அந்த ஊருக்குள் கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும். அலை கிடையாது, ஆர்ப்பாட்டம் கிடையாது. நீர் ஏறும்போது ஏரி மாதிரி தளும்பும். வடியும்போது சேறும் நண்டும் சாய்ந்து கிடக்கும் படகுகளுமாக இடமே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அந்த உப்பங்கழியின் கரையோரப் பாதைகளில் கைத்தடி ஊன்றியவர்கள் நடப்பார்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் நடப்பார்கள், டாக்டர் சொல்லித் தொலைத்துவிட்டாரே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வருகிறவர்களும் நடப்பார்கள். முடியவில்லை என்று யாரும் பாதியில் திரும்பியதாகக் கேள்வியில்லை. அதற்குக் காரணம் ஒரு மனுஷர். ஊரில் அவருக்குப் பாதைக்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும்தான் இருக்கிறது.

இளவயதில் ரோடு போடும் வேலையில் இருந்தவர். தாரும் புகையும் போதும் போதும் என்றாகி, பூங்கா அலுவலகத்தில் நடைபாதை வேலைக்கு வந்து சேர்ந்தார். முதன்முதலாக அவர் போட்ட பாதையில் நடந்த ஊர்க்காரர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ரோடு போட்ட கையில்லையா, லாரி ஏறினால் போதும் என்று நினைத்துவிட்டார். முழங்காலும் ஏற வேண்டும் என்பது அவர் புத்தியில் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது அவர் மனைவி. அதுவும் தனக்கே தெரியாமல். அந்த அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் தையல்காரி. கிழிந்த போர்வை, பிரிந்த தலையணை உறை, பொத்தான் போன மேலங்கி எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். நாள் முழுக்க இயந்திரங்களின் இரைச்சல். பக்கத்து மேசையோடு ஒரு வார்த்தை பேச வேண்டுமானாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஆகவே பேச்செல்லாம் உள்ளேயே சேர்ந்துகொண்டு இருக்கும். சாயங்காலம் கணவரோடு கரையோரம் நடக்க வந்ததும் மடை திறந்தாற்போல் கொட்டித் தீர்ப்பார். பாதைக்காரர் 'உம்', 'ஓஹோ' என்பதோடு சரி. வேறெதுவும் சொல்ல அவருக்கு இடமும் கிடைக்காது, அவர் அதைத் தேடியதும் இல்லை.

ஒருநாள் மேட்டுப் பகுதியில் அந்தப் பேச்சு பட்டென்று நின்றது. தையல்காரம்மா இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். பிறகு விட்ட இடத்தில் தொடர்ந்தார். மறுநாளும் அதே இடத்தில் நின்றது. அட, என்று பாதைக்காரருக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. ஒரு முளைக்குச்சியை எடுத்து அங்கேயே அடித்து வைத்தார். அப்புறம் மேட்டை வெட்டிச் சரிவைக் குறைத்தார். குறைக்க முடியாத இடத்தில் பெஞ்சு போட்டார். அன்றிலிருந்து அதுவே அவர் முறையாகிவிட்டது. மனைவி தங்குதடையில்லாமல் பேசிக்கொண்டே கடக்கும் பாதை எதுவோ, அதற்குத்தான் 'எளிது' என்று பச்சைப் பலகை. பேச்சு அறுந்தால் முளைக்குச்சி. கணவர் ஏன் அடிக்கடி குனிந்து எதையோ தட்டுகிறார் என்று தையல்காரம்மா கேட்டுக்கொள்ளவில்லை. அலுவலக வேலை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பேச்சைத் தொடர்வார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் கவிழ்த்தது வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு. பாதைகளைப் பார்க்க வந்தவர்களுக்கு அலுவலகத்தில் தேநீர் விருந்து. குடும்பத்தோடு வரலாம் என்று அழைப்பு. வந்தவர்களில் ஒருவர், "எப்படிங்க இவ்வளவு சுலபமாப் போட்டிருக்கீங்க? என்ன கருவி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சபையில் வாயே திறக்காத மனுஷர் அன்று திறந்தார். திறந்தவர் அளவோடு மூடியிருக்கலாம்.

"கருவியெல்லாம் எதுக்குங்க? எங்க வீட்டம்மா வாய்தான் கருவி. அது எங்க நிக்குதோ அங்க பெஞ்சு" என்றார்.

கூடம் அதிர்ந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தையல்காரம்மாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதோடு பேச்சையும் கழற்றி வைத்துவிட்டார்.

"சாப்பாடு மேசை மேல இருக்கு." "விளக்க அணைங்க." அவ்வளவுதான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, வீட்டுல கரண்ட் போன மாதிரி இருக்கு. போய் எதையாவது சொல்லி சரிபண்ணுங்க" என்றாள். பாதைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவியின் குரல் இல்லாத வீட்டில் கடிகாரம் இவ்வளவு சத்தம் போடும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

போதாக்குறைக்கு, கழியின் வடகரையில் அவர் போட்டு முடித்த புதுப் பாதையை அந்த வாரக் கடைசியில் திறக்க வேண்டும். சரளை கொட்டி இறுக்கியாகிவிட்டது, மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் எடுத்தாகிவிட்டது. பெஞ்சுகள் மட்டும் கிடங்கில் காத்துக் கிடந்தன. எங்கே போடுவது?

அலுவலகத் தலைவி நல்ல மனுஷி. "நான் வர்றேன் வாங்க. என் வாயும் ஒண்ணும் குறைஞ்சதில்ல" என்று கிளம்பினார். கிளம்பியவர் வழியெல்லாம் போனில் பேசிக்கொண்டே வந்தார். பேச்சு நின்ற இடத்திலெல்லாம் பாதைக்காரர் முளை அடித்தார். திரும்பி வரும்போது பார்த்தால், மேடே இல்லாத சமதரையில் வரிசையாக முளைகள். விசாரித்ததில், மூச்சு போகவில்லை, சிக்னல் போயிருக்கிறது. தலைவி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "வீட்டம்மா வரலைன்னா பச்சைப் பலகை வேண்டாம். வெறும் நடைபாதைன்னு போட்டுத் திறந்துடுவோம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பாதைக்காரருக்கு அது நெஞ்சில் தைத்தது. பச்சைப் பலகையை நம்பித்தான் கைத்தடிக்காரர்கள் காலெடுத்து வைக்கிறார்கள். அது இல்லாத பாதை யாருக்கு?

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பின், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவிக்குப் பக்கத்தில் துடைக்கும் துணியோடு போய் நின்றார்.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சதுக்கு... தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

"சிரிச்சதுக்கா நான் பேசாம இருக்கேன்?" தையல்காரம்மா குழாயை மூடினார். "எனக்கு வாய் நீளம்னு எனக்கே தெரியும். அதுக்கு ஊரே சிரிச்சாலும் நானும் சேர்ந்து சிரிப்பேன்."

"அப்புறம் எதுக்குத்தான் கோபம்?"

"இத்தனை வருஷமா நான் பேசினத நீங்க கேட்டுட்டு வர்றீங்கன்னு நெனச்சேன். நான் எங்க நிறுத்தறேன்னுதான் கேட்டுட்டு வந்திருக்கீங்க."

குழாய் மறுபடி திறந்தது. பாதைக்காரர் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் முழுக்கச் சரளையைச் சமன்செய்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தார். பொய் என்று சொல்ல ஆசைதான். சொல்ல முடியவில்லை. பேச்சு நிற்கும் வரை கேட்டிருக்கிறார், அது நிச்சயம். நின்ற பிறகு குனிந்து சுத்தியலால் தட்டியிருக்கிறார். எழுந்தபோது கதை வேறெங்கோ போயிருக்கும். அப்படிப் பார்த்தால் கரை நெடுகப் பாதிக் கதைகளின் மேல்தான் பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார். இது தோன்றியதும் அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏனோ கொஞ்சம் தைரியமாகவும் இருந்தது.

சாயங்காலம் முளைக்குச்சிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "புதுப் பாதைக்கு வர்றியா? நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் பேசறேன்."

"அப்பாவா?" என்று மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த அதிசயத்தைப் பார்க்கவாவது போகலாம் என்று நினைத்தாரோ என்னவோ, தையல்காரம்மா செருப்பை மாட்டினார்.

புதுப் பாதைக்குப் போக வேண்டுமானால் பழைய பாதை முடியும் வரை நடந்து, மரப்பாலத்தைத் தாண்ட வேண்டும். பழைய பாதையின் முதல் பெஞ்சு வந்ததும் பாதைக்காரர் நின்றார்.

"இங்க நீ உன் தங்கச்சி வேலைய விட்ட கதையச் சொல்லிட்டிருந்த. மேனேஜர் மேசையில சாவிய வெச்சா, வாசல்ல நின்னு திரும்பி ஒண்ணு சொன்னான்னு சொன்ன. அப்ப நான் முளை அடிக்கக் குனிஞ்சுட்டேன். என்ன சொன்னா?"

தையல்காரம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீர் ஏறிக்கொண்டிருந்தது. சாய்ந்திருந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர ஆரம்பித்திருந்தன.

நாணல் புதரோரப் பெஞ்சில் மறுபடி நின்றார். "இங்க, துவைக்க வந்த போர்வைக்குள்ள ஒரு பல்செட்டு. யாரோடதுன்னு நீங்கல்லாம் வார்டு வார்டாப் போய்க் கேட்டீங்க. எல்லாரும் என்னுதில்லன்னுட்டாங்க. அப்புறம்?"

தையல்காரம்மாவின் உதடு துடித்தது. சிரிப்பை முழுங்கிக்கொண்டு நடந்தார். ஆனால் நடை கொஞ்சம் மெதுவானது.

மூன்றாவது பெஞ்சு வருவதற்குள் பாதைக்காரருக்கே வாய் உலர்ந்துவிட்டது. இவ்வளவு பேசியே பழக்கமில்லாத மனுஷர். "இங்க... உங்க அம்மா பஸ்ல வந்தப்போ காத்துல நீலக் குடை பறந்து போச்சுன்னு..."

"பச்சை."

"என்னது?"

"குடை பச்சை. பஸ்ஸுமில்ல, படகு. இதுதான் கேட்டுட்டு வந்த லட்சணமா?"

"அதான் கேக்கறேன்ல. குடை என்ன ஆச்சு?"

இனி அடக்க முடியுமா? தையல்காரம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். குடை தண்ணீரில் விழுந்து எதிர்க்கரைக்கு மிதந்து போனதாம். அடுத்த வாரம் அடைமழை. வாசலில் யாரோ ஒதுங்கி நிற்கிறார்களே என்று அம்மா கதவைத் திறந்தால், முன்பின் தெரியாத ஒருத்தர் அதே குடையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறேங்க, இந்தக் குடை ஒழுகுது" என்றாராம். "எங்க அம்மாவுக்கு வந்துச்சு பாருங்க கோபம். என் குடையையும் எடுத்துட்டு, அதுக்குக் குறை வேறயான்னு!"

பாதைக்காரர் சிரித்த சிரிப்பில் நாணலுக்குள்ளிருந்து ஒரு கொக்கு எழுந்து பறந்தது.

பாலத்தைத் தாண்டும்போது பல்செட் மறுபடி வந்தது. அது கடைசியில், யாருடையது என்று எல்லோரோடும் சேர்ந்து மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்த பெரிய டாக்டருடையதே. பிறகு தங்கை. வாசலில் நின்று திரும்பி அவள் சொன்னது: "நாளையிலேர்ந்து நீங்களே நேரத்துக்கு வந்து கதவத் திறங்க." புதுப் பாதையின் மேடு வந்தது, வளைவு வந்தது, பாறையடிச் சரிவு வந்தது. கதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பாதைக்காரர் 'உம்' சொல்லவில்லை. "அதெப்படி?" என்றார். "நீ என்ன சொன்ன?" என்றார். ஓரிடத்தில் குறுக்கே புகுந்து, "அந்த நர்ஸ் மேலதான் தப்பு" என்று தீர்ப்பும் சொன்னார்.

கழி கடலோடு சேரும் முனைக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பாதைக்காரர் தோள்பையை இறக்கினார். முளைக்குச்சிகள் கட்டுக்கூடப் பிரியாமல் அப்படியே இருந்தன.

தையல்காரம்மா பையை எட்டிப் பார்த்தார். "எங்கெங்க நின்னேன்?"

பாதைக்காரர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "தெரியலயே."

"ஒரு இடங்கூடவா?"

"டாக்டர் பல்செட்டத் தேடினதுக்கப்புறம் எனக்கு வழியே கண்ணுல படல. மேடு எங்க வந்துச்சுன்னுகூட ஞாபகமில்ல." அவர் குரலில் உண்மையிலேயே கவலை இருந்தது. "திறப்பு விழாவ வெச்சுக்கிட்டு என்ன பண்றது? நாளைக்கு மறுபடி நடந்தாகணும்."

தையல்காரம்மா குனிந்து பையிலிருந்த சுத்தியலை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நடப்போம். மூச்சு வாங்குற இடத்துல முளைய நானே அடிச்சுக்கறேன். நீங்க கதையக் கேளுங்க."