எங்கள் புத்தாண்டு ஆனி மாதத்தில்

நெய்வேலி டவுன்ஷிப்பில் புத்தாண்டுக்குப் பஞ்சமே கிடையாது. பல ஊர்க்காரர்கள் பிழைக்க வந்து சேர்ந்த இடம். ஜனவரியில் கேக், பங்குனியில் தெலுங்குக்காரர்களின் உகாதிப் பச்சடி, சித்திரையில் நம்முடைய மாங்காய்ப் பச்சடி, அதை ஒட்டியே மலையாளிகளின் விஷு. எங்கள் வீட்டுப் புத்தாண்டு மட்டும் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாமல் ஆனி மாதத்தின் நடுவில் வரும். வகுப்பில் ஒருமுறை அப்படித்தான் சொன்னேன். டீச்சர் என்னைக் காலண்டர் பார்க்கக் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை அள்ளுகிற வேலை. வருஷம் முடிந்தால் கான்ட்ராக்டும் முடியும். புது கான்ட்ராக்ட்காரரின் சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புது பாஸ் கொடுப்பார். கூப்பிட்டால் இன்னொரு வருஷம் அடுப்பு எரியும். கூப்பிடாவிட்டால் கேட்டோடு சரி. ஆகவே அந்த நாளில் அம்மா வீட்டைக் கழுவிக் கோலம் போடுவாள், அப்பா புதுச்சட்டை போடுவார், சேமியா பாயசம் கொதிக்கும். முத்தாண்டிக்குப்பத்தில் அம்மாவின் சொந்தக்காரர்கள் முந்திரி உடைப்பவர்கள் என்பதால் எங்கள் பாயசத்தில் சேமியாவைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். போன வருஷம் நம்மைக் கைவிடவில்லை, வருகிற வருஷமும் நம்மைச் சேர்த்துக்கொண்டது. மனிதர்கள் புத்தாண்டு கொண்டாட இதைவிட வேறு காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்த வருஷம் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து நெடுநாள் வேலைக்குப் போகவில்லை. புத்தாண்டும் வந்தது. விடிகாலையில் கிளம்பிய அப்பாவும் அவரோடு வேலை பார்ப்பவர்களும் உள்ளே போகாமல் கேட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்பதாகச் சேதி வந்தது. அம்மா பாயசத்தைத் தூக்குவாளியில் ஊற்றினாள், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கூடவே இழுத்துக்கொண்டு நடந்தாள். பள்ளிக்கூடமும் இல்லை, பாயசமும் உண்டு என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்?

மரத்தடி திருவிழா மாதிரி இருந்தது. மற்ற வீடுகளிலிருந்தும் பெண்கள் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். எல்லா மாமாக்களின் கழுத்திலும் புது பாஸ் பளபளவென்று தொங்கியது. நான் அப்பாவின் மடியில் ஏறிச் சட்டைக்குள் தேடினேன். “ஒன்னோடது எங்கப்பா?” என்று கேட்டேன். அப்பா தரையைப் பார்த்தார்.

எங்கள் எதிர்வீட்டு மாமா ஒருவர் உண்டு. எழவு வீட்டில்கூட யாரையாவது சிரிக்க வைத்துவிடுவார் என்று அவருக்குப் பேர். அவர் தன் பாஸைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். “புதுப் பாவாடைக்கு எடுப்பா இருக்குது” என்றார். அடுத்தவரும் கழற்றினார், அதற்கடுத்தவரும். கொஞ்ச நேரத்தில் நான் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி கழுத்தை ஆட்ட முடியாமல் நின்றேன்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: “எனக்காக ஏன் குந்திகினு இருக்கீங்க? நீங்களாவது உள்ள போங்க. வூட்ல புள்ளைங்க இருக்குது.”

“பாஸெல்லாம் ஒம் பொண்ணு மாட்டிகினு நிக்குது. எப்படிப் போறது?” என்றார் எதிர்வீட்டு மாமா. பிறகு என்னைப் பார்த்து, “புது வருஷம் இன்னும் பொறக்கல பாப்பா. பொறந்ததும் எல்லாரும் ஒண்ணாப் போவோம்” என்றார்.

பிறக்காத வருஷத்துக்குப் பாயசம் உண்டா என்பதுதான் என் கவலை. உண்டு என்றாள் அம்மா.

சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து அதட்டினார். போன் வந்தது, போன் போனது. இரண்டாம் ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதுகிற நேரத்தில் அப்பாவைக் கூப்பிட்டு, உடம்பு தேறிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் புது பாஸைக் கையில் கொடுத்தார்.

அன்றைக்கு அத்தனை பேருக்கும் ஒருநாள் கூலி போனது. வேலையே போயிருக்கலாம். வெளியே ஆள் கிடைக்காத ஊர் இல்லை அது. அவர்களில் ஒருவரும் எங்களுக்கு உறவில்லை, பலர் கம்மாபுரத்திலிருந்தும் எங்கிருந்தெல்லாமோ சைக்கிள் மிதித்து வந்தவர்கள். நான் படித்ததும், இன்று சாப்பிடுவதும், அந்த மரத்தடியில் அவர்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததால்தான். அவர்கள் பாஸைக் கழற்றியது என்னை அலங்கரிக்க இல்லை, என் அப்பாவின் கழுத்து மட்டும் வெறுமையாகத் தெரியக்கூடாது என்றுதான். இதெல்லாம் வெகுகாலம் கழித்து எனக்குப் புரிந்தது.

அன்று எனக்குப் புரிந்தது வேறு. மாமாக்கள் சிரித்துக்கொண்டே வரிசையாக வந்து என் கழுத்திலிருந்து அவரவர் பாஸை உருவிக்கொண்டு போனார்கள். கடைசிப் பாஸும் போனதும் நான் ஓவென்று அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். பாவம், அவளுக்கும் ஒன்று மாட்டிப் பார்க்க ஆசையாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.