பெயர் போடாத இரண்டு கோல்கள்

போன வாரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து மேசையில் பத்திரிகைத் துண்டு ஒன்றை விரித்தார். நான் எழுதிய செய்திதான்.

"சார், இதுல நான் எங்க இருக்கேன்?"

ஸ்டெல்லா. அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். பெண்கள் உதைபந்தாட்ட இறுதிப்போட்டியில் இரண்டு கோல் போட்டு அணியை ஜெயிக்க வைத்தவர். செய்தியில் கோல்கள் இருக்கின்றன. அவர் இல்லை!

என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே... இருபது வருடமாகத் தோட்டத்து மேட்ச்களை மட்டுமே எழுதுகிறவன். "எப்பதான் பெரிய மேட்ச் எழுதப் போற?" என்று நண்பர்கள் நக்கல் அடிப்பார்கள். பெரிய ஆட்டக்காரர் யாராவது என் செய்தியை வெட்டி, லேமினேட் பண்ணி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவாரா? என் ஆட்டக்காரர்கள் மாட்டுவார்கள். அதனால் என் செய்தியில் விளையாடிய அத்தனை பேருடைய பெயரும் இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் பெயர் உட்பட.

அப்புறம் ஸ்டெல்லாவின் பெயர் எங்கே போனது?

ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய இறுதிப்போட்டி மழையால் திங்களுக்குத் தள்ளிப்போனது. திங்கள் வேலை நாள். மற்றவர்கள் எப்படியோ லீவு வாங்கிவிட்டார்கள். ஸ்டெல்லா மட்டும் கேட்கப் பயந்து, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு மைதானத்துக்கு வந்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தார்.

"சார், எம் பேர மட்டும் போட்டுறாதீங்க. கண்டாக்கு ஐயா தெனம் பேப்பர் பாப்பாரு. வேலைய விட்டே நிப்பாட்டிருவாரு."

கண்டாக்கு என்றால் தேயிலை மலையில் வேலையை மேற்பார்வை செய்கிற அதிகாரி. நானும் இரக்கப்பட்டு, 'முன்கள வீராங்கனை ஒருவர்' என்று எழுதி, பெரிய உபகாரம் செய்த திருப்தியில் இருந்தேன்.

இப்போது மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். கோல் போட்டதற்கு ஆதாரம் கேட்கிறார்களாம். ஸ்கோர் ஷீட்டில் கோல் கணக்கு மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை. பத்திரிகையிலும் இல்லை.

"நான் கடிதம் எழுதித் தரட்டுமா?"

"அன்னிக்கே பேப்பர்ல வந்திருக்கணும், இல்லாட்டி தோட்டத்துக் கடுதாசி வேணுமாம் சார்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பெயர் போடுவதுதானே என் தொழில்? அதில் போய் இரக்கம் காட்டிவிட்டேனே...

மறுநாள் இருவருமாகத் தோட்டத்துக்குப் போனோம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கண்டாக்கு நின்றிருந்தார். ஸ்டெல்லா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கண்டாக்கு பத்திரிகைத் துண்டை வாங்கி நிதானமாகப் படித்தார். போச்சு, வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"ரெண்டாவது கோலு எடது கால்லதான அடிச்ச?"

நானும் ஸ்டெல்லாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எந்தக் கால் என்று நான் எழுதவே இல்லையே!

"ஐயா... நீங்க வந்திருந்தீங்களா?"

கண்டாக்கு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பல்லுப் புடுங்கணும்னு தொரைகிட்ட சொல்லிட்டு வந்தேன். யாருகிட்டயும் சொல்லிறாத."

சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் சிக்கல் அங்கேதான். தோட்டத்துக் கடிதம் என்றால் மேனேஜர் துரை கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி சொன்னால் கண்டாக்குவின் குட்டும் வெளியே வந்துவிடும்.

மனிதர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு எங்களை ஆபீசுக்குக் கூட்டிப் போய், தோட்டத்துத் தாளை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். 'திங்கட்கிழமை நடந்த இறுதிப்போட்டியில் இரண்டு கோல்களையும் இவரே அடித்தார். நான் நேரில் பார்த்தேன்.' எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

"சனிக்கெழம ட்ரயலுக்கு லீவு கேட்டுட்டே போ புள்ள. கேட்டா தர மாட்டேனா?" என்றார் ஸ்டெல்லாவிடம்.

துரை கடிதத்தை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். கையெழுத்துப் போட்டார். தாளை நீட்டும்போதுதான் கண்டாக்குவை நிமிர்ந்து பார்த்தார்.

"பல்லு இப்ப எப்படி இருக்கு?"