தூக்கத்தில் மாட்டிக்கொண்ட ஜாதகம்

நான் கடைக்குள் நுழைந்தபோது ஐயாவின் விரல் மவுஸின் மேல் இருந்தது. திரையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் இரண்டு பொத்தான்கள். ஓ.எல். பரீட்சையோடு நின்றுபோன இங்கிலீசு என்னுடையது. ஆனாலும் அந்தப் பொத்தான்களில் ஒன்று 'தூக்கி வீசவா' என்று கேட்பது எனக்கு விளங்கியது.

"ஐயா, கைய எடுங்க," என்றேன்.

"நான் என்னடா பண்ணேன்? புதுசு வந்திருக்கு, போடவான்னு கேட்டுச்சு. மரியாதையா கேட்டுச்சேன்னு போடச் சொன்னேன்."

ஐயா ஜாதகம் பார்ப்பவர். கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் அவருடைய கடை. நான் அங்கே கம்பியூட்டர் தட்டுகிறவன். கணக்குப் பாடத்தில் இரண்டு முறை கவிழ்ந்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் கிரகங்களைக் கணக்குப் போட்டார். வந்தவர்களிடம், "ஐயா சொல்றது தப்பாப் போனா என்னைக் கேக்காதீங்க, சனியைக் கேளுங்க," என்று சொல்லி நிறைய வசை வாங்கியிருக்கிறேன்.

எங்கள் ஜாதக புரோகிராம் ரொம்பப் பழையது. அதை எழுதியவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். பழைய விண்டோஸில் மட்டும்தான் அது ஓடும். அதனால் புதுக் கம்பியூட்டர் வாங்கியபோது, கம்பியூட்டருக்குள் இன்னொரு கம்பியூட்டரை ஓட்டுகிற ஒரு மென்பொருளைப் போட்டு, அதற்குள் பழைய விண்டோஸையும் ஜாதக புரோகிராமையும் குடிவைத்தேன். உள்ளே இருக்கும் அந்தக் கம்பியூட்டருக்கு உடம்பு கிடையாது. டிஸ்கில் ஒரு ஃபோல்டர், அதற்குள் நாலைந்து கோப்புகள், அவ்வளவுதான் அது.

ஐயா அதைத் தைப்பூசத்தன்று நல்ல நேரம் பார்த்து, திரைக்குக் குங்குமம் வைத்துத்தான் தொடக்கினார். நல்ல நேரத்தில் தொடக்கியதை அணைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அந்த மென்பொருளில் அதற்கும் வழி இருந்தது. அணைக்காமல் அப்படியே உறைய வைக்கலாம். மறுநாள் எழுப்பினால், விட்ட இடத்தில் விட்டபடி எழும்பும். மாலையில் தூங்க வைப்பதும் காலையில் எழுப்புவதும் என் வேலை. கரண்ட் போனால் யூ.பி.எஸ். கூவும், நான் ஓடிப்போய்த் தூங்க வைப்பேன். பிள்ளைகூட இப்படி வளராது என்று ஐயாவைக் கிண்டல் செய்வேன்.

இதில் ஒரு பழக்கம் எங்களை அறியாமலே வந்து ஒட்டிக்கொண்டது. திறந்த ஜாதகம் மறுநாளும் திறந்தபடியே இருந்ததால், 'சேவ்' பண்ண வேண்டும் என்பதே ஐயாவுக்கு மறந்துபோனது. ஜாதகங்கள் திரையில் வரிசையாகத் திறந்தே கிடந்தன. எதுவும் டிஸ்கில் தனிக் கோப்பாக எழுதப்படவில்லை. எல்லாம் அந்தத் தூக்கத்துக்குள்ளே கிடந்தது.

இப்போது அந்தக் கம்பியூட்டரை ஓட்டுகிற வெளி மென்பொருள் புதிதாகிவிட்டது. பழைய பதிப்பில் தூங்கப்போன கம்பியூட்டரைத் தன்னால் எழுப்ப முடியாது, அந்தத் தூக்கத்தைத் தூக்கி வீசினால் புதிதாகத் தொடங்கலாம் என்று அது சொல்கிறது. நான் 'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தினேன். மவுஸைக் கழற்றி என் காற்சட்டைப் பையில் போட்டேன்.

"மவுஸை எங்கடா கொண்டுபோற?"

"அது உங்க பக்கத்துல இருந்தா எனக்கு நெஞ்சு வலி வரும் ஐயா."

அவர் சிரிக்கவில்லை. "டேய், டீச்சரோட மகள் ஜாதகம் உள்ளே இருக்குடா," என்றார்.

அப்போது எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

டீச்சர் யாழ்ப்பாணத்தவர். கண்டியில் படிப்பித்து, கண்டியிலேயே ஓய்வு பெற்றவர். கலவரத்தில் அவருடைய வீடு எரிந்தபோது மகளின் ஜாதகமும் எரிந்துவிட்டது. பிறந்த நேரம் விடியலுக்கு முன் என்பது மட்டும்தான் தாய்க்கு ஞாபகம். ஆனால் அந்த நேரத்தில்தான் லக்னம் மாறுகிறது. சில நிமிடம் இந்தப் பக்கம் என்றால் ஒரு ஜாதகம், அந்தப் பக்கம் என்றால் வேறு ஜாதகம். பிரசவத்தின்போது பக்கத்தில் நின்றவர் டீச்சரின் அக்கா. சண்டையில் வடக்குப் பாதை மூடுவதற்குச் சற்று முன் அவர் கண்டிக்கு வந்து தங்கியிருந்தார். ஐயா அவரைத் தினமும் கூப்பிட்டு உட்காரவைத்து, கோயில் மணி அடித்தது எப்போது, பால்காரன் வந்தது எப்போது என்று கேட்டுக் கேட்டு நேரத்தைப் பிடித்தார். அக்கா வடக்கே வன்னிக்குத் திரும்பினார். பிறகு பாதையும் மூடியது, தொலைபேசியும் நின்றது. இனிமேல் கேட்பதற்கு ஆளில்லை.

அதை ஏன் ஒரு தாளில் எழுதி வைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் எங்கள் கடைக்கு வந்தவர்கள் யாரும் தாள் கொண்டுபோக விரும்பவில்லை. கட்டம் போட்டு, கட்டத்துக்குள் இரண்டிரண்டு தமிழ் எழுத்தும் எண்களும் எழுதிய தாள் செக்பொயின்டில் சோதனை போட நிற்பவருக்கு வரைபடமாகத்தான் தெரியும். இப்படி ஒரு தாளுக்காக டீச்சரையே ஒருநாள் காலை முழுவதும் வெயிலில் நிற்க வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு, "உள்ளுக்கேயே இருக்கட்டும் ஐயா," என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய் கனடாவிலிருந்து வந்து கொழும்பில் தங்கியிருந்தார். சரியான நேரம் போட்ட ஜாதகம் இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் பிளேன் ஏறப் போகிறார். அதனால் டீச்சர் அன்றைக்கே கடைக்கு வருவதாக இருந்தது.

அந்த மென்பொருளோடு வந்த குறிப்புகளை விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். மேம்படுத்துவதற்கு முன் உள்ளேயிருப்பதை முழுதாக அணைக்க வேண்டுமாம், ஃபோல்டரை முழுசாகப் பிரதி எடுக்க வேண்டுமாம். போடவா என்று கேட்பதற்கு முன் இதையெல்லாம் அது ஐயாவிடம் சொல்லியிருக்கலாம்.

பழைய பதிப்பு இருந்த சீடியைக் கம்பளையில் கம்பியூட்டர் கடை வைத்திருந்த என் கூட்டாளியிடம் கொடுத்திருந்தேன். அவனிடம் இருந்ததும் எங்களுடையதைப் போன்ற கம்பியூட்டர்தான், ஒரே கடையில் ஒரே வாரத்தில் வாங்கியது. அவனுடையதில் இன்னும் பழைய பதிப்பே ஓடியது. ஃபோல்டரை அங்கே கொண்டுபோனால் தூங்குகிறது எழும்பலாம். இங்கேயே பழையதைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாமே என்றார் ஐயா. இருக்கிற ஒன்றில் கைவைத்து அதுவும் போனால் யாரிடம் போய் நிற்பது என்றேன். ஃபோல்டர் முழுவதையும் ஒரு வெளி டிஸ்கில் ஏற்றினேன். பெரிய கோப்பை மட்டும் எடுத்தால் போதாது, தூக்கம் இருப்பது இன்னொரு கோப்பில். ஏற்றியபின் இரண்டு பக்கமும் அளவைச் சரிபார்த்தேன். டிஸ்கைத் துவாய்த் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன்.

நான் புறப்படும்போது டீச்சர் மாடிப்படி ஏறி வந்தார். ஐயா விஷயத்தைச் சொன்னார். அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அக்காவிட்ட இனிக் கேக்கேலாது," என்றார். "உங்களுக்குத் தெரியுந்தானே."

வழக்கமாக டீச்சரிடமும் ஏதாவது சொல்லிச் சீண்டுவேன். அன்று தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

முந்தின வாரம்தான் எங்கேயோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. கம்பளை பஸ்ஸில் ஏறினேன், பேராதனை செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்றேன். அடையாள அட்டையில் என் ஊர் வடக்கில்லை, மலைப்பக்கத்துப் பன்வில என்றிருந்ததைப் பொலிஸ்காரர் நம்பாமல் இரண்டு முறை வாசித்தார். பிறகு என் காற்சட்டைப் பையைத் தட்டினார். மவுஸ், வாலோடு வெளியே வந்தது.

இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். மவுஸ் என்றேன். அது தெரிகிறது, பைக்குள் ஏன் என்று கேட்டார். எங்கள் முதலாளி தொடக்கூடாது என்பதற்காக என்றேன். அவர் முகம் மாறவில்லை. அடுத்ததாகச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து துவாயைப் பிரித்து டிஸ்கை எடுத்தார். உள்ளே இருப்பது கேந்தரே என்று ஜாதகத்தைச் சிங்களத்தில் சொன்னேன். தேங்காயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

டிஸ்கைக் குலுக்கினால் என்ன ஆகும் என்று வாய் வரை வந்தது. சொன்னால் இன்னும் குலுக்குவாரோ என்று பயம். என் வாழ்க்கையில் பயத்தில் வாயை அடக்கியது அந்த இடத்தில்தான். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஆள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மணல் மூட்டையின் மேல் பொத்தென்று வைத்தார். எங்கள் பஸ் ஹோர்ன் அடித்தது. அவர்கள் பேசினார்கள். பஸ் புறப்பட்டுப் போனது. அதன்பிறகுதான் டிஸ்கை என் கையில் கொடுத்து, போ என்றார்கள்.

அடுத்த பஸ் வரும்வரை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் தள்ளி நின்ற ஒரு பொம்பளை என்னைப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தன் மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

கம்பளையில் கூட்டாளியின் கடை. டிஸ்கைச் செருகினோம். அது டிக், டிக் என்றது. கூட்டாளி என்னைப் பார்த்தான்.

"மச்சான், இது செத்துருச்சுடா."

"வாயக் கழுவு."

கழற்றி வேறு வயரில் போட்டான். ஃபோல்டர் தெரிந்தது. கோப்புகளை அவனுடைய கம்பியூட்டருக்கு இறக்கினோம். எவ்வளவு இறங்கியது என்று காட்டும் பச்சைக் கோடு ஓர் இடத்தில் போய் நின்றது. நான் எழுந்து வெளியே போனேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன். கோடு அசைந்தது. முடிந்ததும் அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது.

எழுப்பினோம். கறுப்புத் திரை. பிறகு வரிசையாக ஜன்னல்கள், ஐயா விட்ட இடத்தில் விட்டபடி. மூன்றாவது ஜன்னலில் டீச்சரின் மகள் இருந்தாள். லக்னம், நேரம், நிமிடம், எல்லாமே.

கூட்டாளி போனை எடுத்து நீட்டினான். வேண்டாம் என்றேன். பார்த்ததை நம்ப எனக்குப் பயம். முதலில் ஒவ்வொரு ஜன்னலாகச் சேவ் பண்ணினேன். பிறகு உள்ளேயிருந்ததை முழுதாக அணைத்தேன். ஐயா பக்கத்தில் இருந்திருந்தால் என் கையைப் பிடித்திருப்பார். அணைத்ததைத் திரும்பத் தொடக்கி, ஜாதகங்கள் திறக்கின்றனவா என்று பார்த்தேன். திறந்தன. மறுபடி அணைத்து, அந்த ஃபோல்டரை இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் புதிய பதிப்பைப் பரீட்சித்தோம். அதுவும் திறந்தது. கூட்டாளி சலித்துப்போய், கல்யாணமே முடிந்திருக்கும் என்றான். இந்தத் தடவை கிண்டல் அவனுடையது.

அதற்குப் பிறகுதான் கடைக்குப் போன் அடித்தேன், நேரம் கிடைத்தால் ஐயா கையாலேயே கட்டம் போட்டுவிடுவார். ஐயா எடுத்தார். இருக்கிறது என்று சொன்னதும் அவர் போனை டீச்சரிடம் கொடுத்துவிட்டார்.

"சொல்லுங்கோ தம்பி."

நேரத்தைச் சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன், அது அந்தப் பிள்ளையுடையது. டீச்சர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார், ஒரு நிமிடமும் பிசகவில்லை.

"ஓம்," என்றார். "இன்னொருக்கால் சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். மனப்பாடம் ஆகியிருக்கும் என்பதும் தெரியும்.

"அக்கா அப்பிடித்தான் சொன்னவ," என்றார். "மணி அடிச்ச உடனை எண்டு. இன்னும் ஒருக்கால் சொல்லுங்கோ தம்பி."

மூன்றாவது முறையும் சொன்னேன்.