சிவப்புச் சீட்டு ஒட்டிய ஸ்பீக்கர்

முத்துச்செல்விக்கு முப்பத்தாறு வயது. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் ஒரு கார் ஸ்டீரியோ கம்பெனியில் ஏழு வருடம் ஒப்பந்தத் தொழிலாளி. ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்த்துத் தேர்வு செய்யும் வேலை. எட்டாவது வருடம் வரவேண்டாம் என்றார்கள். எங்கள் தொழிற்சங்கத்தின் சார்பில் காரணம் கேட்டோம். இன்றுவரை பதில் இல்லை.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பழைய இரும்புக் கடைகளில் கிடக்கும் வால்வு ரேடியோக்களிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி, கிழிசலை ஒட்டி, பிளைவுட் பெட்டியில் பொருத்துகிறார். வல்லம் வடகாலில் இரண்டு டீக்கடையும் ஒரு சலூனும் அவர் பெட்டியில்தான் பாட்டுக் கேட்கின்றன. பார்க்க வருகிற ஒவ்வொருவனும் ஸ்பீக்கர் பேப்பரில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறான். எதற்கென்று எவனுக்கும் தெரியாது.

வீட்டுக்காரம்மா கனகலட்சுமி தன் அப்பாவின் ரேடியோவைச் சரிசெய்யக் கொடுத்தார். கூடவே ஒரு எச்சரிக்கை.

“ஞாயித்துக்கெழம என் தம்பி வர்றான். அப்பா ரேடியோவ நான் பாழாக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறான். பாடிச்சின்னா சரி. எதனா ஒட்சி வெச்சே, ரூமக் காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு.”

இந்தப் பகுதியில் குடும்பத்துக்கு ரூம் கிடைப்பது என்ன பாடு என்று வாடகைக்கு இருப்பவர்களைக் கேளுங்கள்.

சனிக்கிழமை காலை அந்த ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி, கிழிசலை ஒட்டி ஜன்னலில் காயவைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போனார் முத்துச்செல்வி. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தார் கணவர் மணிகண்டபிரபு. வேறொரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மனைவிக்கு உதவி செய்தாராம். முத்துச்செல்வி திரும்பி வந்தபோது ஜன்னல் காலி.

“அது செத்துப்போச்சு பிள்ள. ஸ்குரு டிரைவர் ஒட்டவே மாட்டேங்கு. காந்தமே இல்ல. பென்சில் செல்லு வச்சுப் பாத்தேன், ‘டொக்’குன்னு ஒரு சத்தங்கூட இல்ல. ரிஜெக்ட்னு எங்க கம்பெனி ரெட் டேக் ஒட்டிப் பழைய இரும்புல போட்டுட்டேன்.”

“வயரு எத்தனன்னு எண்ணுனியளா?”

“ரெண்டு.”

“நாலு! பின்னால சட்டி மாதிரி இருந்துச்சுல்லா, அதுக்குள்ள காந்தம் கெடையாது. கம்பிச் சுத்து. கரண்டு குடுத்தாத்தான் காந்தமாவும். அது வழியாத்தான் ரேடியோவுக்கே கரண்டு போவுது. வேற ஸ்பீக்கர் போட்டாலும் பேசாது. ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்த கேக்கப்பிடாதா?”

வண்டியை எடுத்துக்கொண்டு இருவரும் சேரப்பணஞ்சேரிக்குப் பறந்தார்கள். பழைய இரும்புக் கடை யாக்கோபு கையில் உளியும் சுத்தியலும். எதிரே அந்த ஸ்பீக்கர்.

“அண்ணே, அடிச்சிராதிய!”

“அரை கிலோ காப்பர் தேறும்மா. இன்னா இப்போ?”

“அது என்னுது. குடுத்துருங்க.”

“எப்டிம்மா குடுக்கறது? இதப் பாரு. கம்பெனி பேரு, நம்பரு, உன் வூட்டுக்காரு கையெழுத்து. ரெட் டேக் மாலு முழுசா வெளிய போவக் கூடாது, ஒட்சிதான் போவணும். நாளைக்கு கம்பெனிக்காரன் வந்து என் கழுத்தப் புடிப்பான். சாரையே ரிஜெக்ட் இல்லன்னு எழுதச் சொல்லு, தூக்கிக்கினு போ.”

முத்துச்செல்வி கணவரைப் பார்த்தார். கணவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

“ரீடெஸ்ட் பண்ணாம எப்படி ஓகே போடுறது?”

முப்பது வருடம் நிர்வாகங்களோடு பேசியிருக்கிறேன். இப்படி ஒரு பதிலை எந்த நிர்வாகமும் சொன்னதில்லை.

“சார் கரீட்டாத்தான் சொல்றாரு” என்றார் யாக்கோபு. அவருக்கு நல்ல வேடிக்கை.

முத்துச்செல்வி கடையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் கம்பெனிகள் தூக்கிப்போட்ட யு.பி.எஸ். பேட்டரிகள் குவிந்து கிடந்தன. பையிலிருந்த மீட்டரை வைத்துத் தேடி, உயிருள்ள எட்டைப் பொறுக்கினார். வரிசையாக வயரில் கோர்த்தார்.

“யாரும் கைய வைக்காதிய. தொண்ணூத்தாறு வோல்ட்டு.”

இரு முனைகளையும் சட்டியிலிருந்து வந்த இரண்டு வயரில் சேர்த்தார். சட்டியின் நடு போல்ட்டை நோக்கி ஸ்குரு டிரைவரைக் கொண்டுபோனார். சப்பென்று ஒட்டிக்கொண்டது. மற்ற இரண்டு வயரில் பென்சில் செல்லை வைத்தார்.

டொக்.

“கேட்டுச்சா?”

“இன்னொரு தடவ வையி.”

“இப்ப கையெழுத்துப் போடுதியளா, இல்ல உங்க கையில இந்த வயர வைக்கட்டா?”

மணிகண்டபிரபு கையெழுத்துப் போட்டார். தேதியும் நேரமும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவைப் போட்டதும் ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. கனகலட்சுமியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. வால்வு சூடேறியது. பிறகு கனத்த குரலில் செய்தி வாசித்தார்கள். தம்பிக்காரர் எட்டிப் பார்த்தார், உட்கார்ந்து கேட்டார்.

“இப்ப இன்னாடா சொல்றே?” என்றார் கனகலட்சுமி. பிறகு முத்துச்செல்வியிடம், “ரூம்ல தண்ணி வர்லன்னியே, பிளம்பர அனுப்பறேன்.”

படியேறும்போது மணிகண்டபிரபு மெதுவாக ஆரம்பித்தார்.

“ஏ பிள்ள, அந்த டேக்க மட்டும் பிச்சுக் குடேன். நம்பர் போட்ட டேக்கு. நாளைக்குக் கம்பெனிக் கணக்குல ஒண்ணு குறையும்லா?”

முத்துச்செல்வி தலையில் அடித்துக்கொண்டார்.

“அது ரேடியோவுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கு. கேட்டா, நல்லாப் பாடுதுன்னு சொல்லுங்க.”