டங் என்றால் காய்ந்தது

இடக்கையில் ஒரு விறகுக் கட்டை, வலக்கையில் முழ நீளத்துக்கு இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றால் ஒன்றைத் தட்டுகிறார். டங். "நீ வா" என்று வலப்பக்கம் போடுகிறார். அடுத்ததைத் தட்டினால், தொப். "உனக்கு இன்னும் ஈரம் போகல. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று இடப்பக்கம் போடுகிறார். இரண்டு குளிர்காலத்துக்கு முந்திய ஒரு சனிக்கிழமை காலை, மூக்கு நுனி சிவக்கும் குளிர். கீழ்வீட்டு அக்கா கொல்லையில் விறகுக்கு நேர்முகத் தேர்வு நடத்திக்கொண்டிருக்கிறார்.

வலக்கைக் கட்டை மட்டும் மாறுவதே இல்லை. பதினோரு வருஷம் காய்ந்தது. கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று இருக்கும். ஒருமுறை விவரம் தெரியாமல் அதைத் தூக்கி அடுப்புப் பக்கம் கொண்டுபோய்விட்டேன். ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். "ஐயோ தம்பி! இது எரிக்கிற கட்டை இல்ல. கேக்குற கட்டை."

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் வேலை. சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, "கேட்டா பட்டனை அமுக்குங்க" என்பார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். "பாதிப் பேர் பொய் சொல்வாங்க தம்பி. கேக்கலன்னு சொல்ல வெக்கம். சும்மாவே அமுக்குவாங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

வீட்டைச் சூடாக்க நடுக்கூடத்தில் நிற்கும் இரும்புக் கணப்பு அடுப்புக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மாமியார். "காலைல எழுந்ததும் முதல்ல இவங்களைக் கவனிக்கணும். இல்லேன்னா நாள் முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவாங்க." முந்தின நாள் சாம்பலைக் கிளறுவார். அடியில் ஒரு துளி தணல் கண் விழிக்கும். அதன்மேல் சிராய், அதன்மேல் சுள்ளி, அப்புறம் மூன்றே கட்டைகள். ஒரு ஊது ஊதிவிட்டுக் கதவைச் சாத்துவார். கண்ணாடிக்குப் பின்னால் குபீரென்று பற்றும் பாருங்கள், எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வாய் மூடாது. ஒரு மெழுகுவத்தி ஏற்ற நாலு தீக்குச்சி செலவழிக்கிறவன் நான்.

அந்தப் புகைபோக்கி மேல்மாடியில் என் அறைச் சுவருக்குள்தான் ஏறிப்போகிறது. குளிர்காலம் முழுக்க நான் அந்தச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கிடப்பேன். சூடு சட்டைக்குள் இறங்கி, தோளில் ஏறி, எலும்புவரை போகும். சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அது செங்கல் சுவராகத்தான் இருக்க வேண்டும். கீழே கெட்டில் முனகும். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டிவிட்டு வந்து, விறைத்த விரல்களை நீட்டி "அப்பாடா" என்பது எனக்கு மேலே கேட்கும்.

இந்த வருஷம் குளிர் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் சுவர் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. கணப்பின் கண்ணாடியில் கரி படிந்தது. கூடமெங்கும் புகை. வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. மூன்று நாள் மூச்சு விசில் அடித்தது. "மாமியாருக்கு ஏதோ கோபம்" என்றார் அக்கா. புகைபோக்கி துடைக்கிறவர் வந்து பார்த்துவிட்டு, "குழாய் சுத்தமா இருக்கும்மா. விறகுதான் ஈரம்" என்று சொல்லிப் போனார்.

அக்காவின் விறகு ஈரமா! எனக்கே கோபம் வந்தது.

நாலாம் நாள் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "சனிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா இதைக் கழட்டிட்டுக் கரண்ட் ஹீட்டர் வச்சிடலாம். என்னால முடியலம்மா." அக்கா கரி படிந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை அவர் கொல்லையில் விறகை மறுபடி தட்டிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். தொப் என்றது. வலப்பக்கம் போட்டார். மறுபடி தொப். மறுபடி வலப்பக்கம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா... அது தொப்."

கட்டையும் கையுமாக அப்படியே நின்றார். அப்புறம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஒரு வருஷமா சரியா கேக்கல தம்பி. வெளிய சொல்ல வெக்கம். நானும் சும்மாவே அமுக்கிட்டேன்."

"நான் தட்டிச் சொல்றேனே அக்கா" என்றேன்.

"உங்க காதை நம்பி என் மாமியாருக்குச் சோறு போடவா?" என்றார். கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் குறையவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில், தன் சோதனை அறையில், தன் நாற்காலியில், தானே உட்கார்ந்தார். கூட வேலை பார்க்கும் பெண் சோதித்தாள். இந்த முறை கேட்டதற்கு மட்டும் பட்டனை அமுக்கினாராம். உள்காது நரம்பு கல்லுப்போல உறுதியாக இருக்கிறது; நடுக்காதின் குட்டி எலும்பு ஒன்று இறுகிவிட்டது, அவ்வளவுதான். அதை அக்கா எனக்குச் சொன்ன விதம்: "கதவுதான் துருப்பிடிச்சிருக்கு தம்பி. உள்ள ஆள் இருக்கு."

சனிக்கிழமை விடிந்ததும் கொல்லையில் சத்தம். மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். அக்கா சந்தேகத்துக்குரிய கட்டை ஒன்றின் நுனியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி வைத்துக்கொண்டு, கேக்குற கட்டையால் அதன் மறுநுனியைத் தட்டினார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு அந்த எலும்பில் கருவியை வைத்துச் சோதித்தவர். துருப்பிடித்த கதவைத் தாண்டி அந்த எலும்பு வழியாக மரத்தைக் கேட்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? அவர் முகம் மலர்ந்தது. கட்டை இடப்பக்கம் போனது. மறுகட்டை வலப்பக்கம். நான் மேலிருந்து கேட்டவரை ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆனால் நீளக் கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி தட்ட ஒரு கை போதவில்லை. நழுவி நழுவி விழுந்தது. பின்கதவு திறந்தது. கழுத்தில் மப்ளரோடு வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வந்தார். ஹீட்டரைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து அடுத்த கட்டையை எடுத்தார். தூசியைச் சட்டையில் துடைத்தார். இரண்டு கையாலும் ஏந்தி, அதன் நுனியை மனைவியின் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அக்கா தலையைச் சாய்த்து, முடியை ஒதுக்கிக்கொண்டார்.